பதினாலாம் நம்பர் சட்டை

அந்தத் தொழிற்பயிற்சி மையத்தில் தையல் பிரிவு ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் 'பார்வை டீச்சர்'. காரணம் இல்லாமல் வைக்கவில்லை. தேர்வு முடிந்ததும் நீள மேசையில் சட்டைகளை வரிசையாகப் பரப்பி வைப்பார்கள். டீச்சர் ஒவ்வொன்றாகத் தோள் இரண்டையும் பிடித்துத் தூக்குவாள், ஒரு பார்வை பார்ப்பாள், கீழே வைப்பாள், மதிப்பெண் எழுதுவாள். அடுத்த சட்டை. ஒரு வாய் டீ ஆறுவதற்குள் பாதி வகுப்பின் தலையெழுத்து முடிந்துவிடும். "டீச்சர் கண்ணுலயே இஞ்ச் டேப் இருக்குப்பா" என்று பிள்ளைகள் பயத்தோடும் பெருமையோடும் பேசிக்கொள்வார்கள்.

அவளும் அப்படித்தான் மதிப்பெண் வாங்கியவள். பத்தொன்பது வயதில் அவள் தைத்த முதல் தேர்வுச் சட்டையை ஒரு பரிசோதகர் தூக்கிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், கீழே போட்டார். ஃபெயில். எதற்கு என்று கேட்கப் போனபோது, "தையல்னா ஒரு இது வேணும்மா" என்றார். அந்த 'இது' என்னவென்று அவர் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து அதே மாதிரிச் சட்டையை அதே மாதிரித் தைத்தாள், பாஸ். ஏன் தோற்றோம் என்றும் தெரியாது, ஏன் தேறினோம் என்றும் தெரியாது. அப்புறம் வேலை, கல்யாணம், பவர் மெஷின் சத்தம் என்று வாழ்க்கை ஓடியதில் அதை நினைக்க நேரமில்லை.

ஆனால் தேர்வு மாதம் வந்தாலே அவளுக்குத் தூக்கம் வராது. சாப்பாடு இறங்காது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த கணவர், "பரீட்சை எழுதுறது அவங்களா நீயா?" என்று கிண்டல் செய்வார். தெருவில் எதிரே பழைய மாணவி யாராவது வந்தால், பாஸா ஃபெயிலா என்று நினைவுக்கு வரும்வரை அவள் கடைப் பக்கம் திரும்பி வேடிக்கை பார்ப்பதுபோல் நிற்பாள். இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. கண்ணில் இஞ்ச் டேப் இருப்பவளுக்குச் சந்தேகம் வரலாமா?

இந்த நிலையில்தான் இரண்டு விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன.

முதலாவது, அவள் நாத்தனார் வந்து சேர்ந்தாள். கணவரின் ஒரே தங்கை. நாற்பத்தோரு வயதாகியும் வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். புருஷனோடு ஒத்துவராமல், ஒரு பெட்டியும் ஒரு தலையணையுமாக அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் சண்டை எதுவும் கிடையாது. சண்டை போடுகிற அளவுக்கு நெருக்கமே கிடையாது. "அண்ணி, தண்ணி வந்துருச்சு", "பாப்பா, கதவைப் பூட்டிக்கோ" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சும்மா இருக்க வேண்டாம் என்று பாப்பா அதே மையத்தில் மாலை வகுப்பில் சேர்ந்தாள். மாலை வகுப்பை எடுத்தவர் கட்டிங் மாஸ்டர். ஆனால் கடைசித் தேர்வு காலை வகுப்புக்கும் மாலை வகுப்புக்கும் பொது. திருத்துகிறவள் அண்ணி.

தேர்வில் தேறினால் சீருடை தைக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை நிச்சயம் என்று பாப்பாவுக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் கணவர் ஒருநாள் ஷூவைத் துடைத்துக்கொண்டே மெல்ல ஆரம்பித்தார்.

"ஏம்மா, நம்ம பாப்பா சட்டை வந்தா... கொஞ்சம் பார்த்துப் போடு."

"பார்த்துத்தாங்க போடுவேன். பார்க்காம எப்படிப் போடுறது?"

"அட, அந்தப் பார்வை இல்லம்மா. கொஞ்சம் வேற மாதிரிப் பார்வை."

மதிப்பெண் போட்டால் வேண்டியவளுக்குப் போட்டாள் என்பார்கள். போடாவிட்டால் வீட்டில் மூன்று பேரும் ஒரே மேசையில் எப்படிச் சாப்பிடுவது? அன்றிலிருந்து இருக்கிற கவலையோடு இதுவும் சேர்ந்துகொண்டது. கூடத்தில் பாப்பா பழைய மெஷினில் பழகும்போது அண்ணி கடந்து போவாள். காலரின் இடது முனை ஒவ்வொரு தடவையும் மழுங்கிப் போவதைப் பார்ப்பாள். சொல்ல வாய் வரும். திருத்தப் போகிறவளே சொல்லிக் கொடுத்தால் நன்றாக இருக்குமா என்று வாயை மூடிக்கொண்டு போய்விடுவாள்.

இரண்டாவது, மையத்துக்குப் புது முதல்வர் வந்தாள். எல்லோரும் 'புது மேடம்' என்றார்கள். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. வந்த முதல் வாரமே பழைய தேர்வுச் சட்டைகள் எட்டை டீச்சரிடமும் மாஸ்டரிடமும் தனித்தனியாகக் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னாள். போட்டார்கள். அடுத்த வாரம் இன்னும் எட்டு. போட்டார்கள்.

மறுநாள் மேடம் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டாள்.

"டீச்சர், போன வாரம் இந்தச் சட்டைக்கு எழுபத்தெட்டு போட்டிருக்கீங்க. இந்த வாரம் ஐம்பத்தஞ்சு."

"மேடம், அது வேற சட்டை."

"அதே சட்டைதான். நம்பரை மட்டும் மாத்தினேன். போன வாரம் இஸ்திரி போட்டு வச்சிருந்தேன், இந்த வாரம் கசக்கி வச்சேன்."

டீச்சருக்குக் காது சூடேறியது. பக்கத்தில் கட்டிங் மாஸ்டர் மீசைக்குள் சிரித்தார். மேடம் அவர் பக்கம் திரும்பி அவர் போட்ட மதிப்பெண்களையும் வாசித்தாள். அவருடையது இன்னும் மோசம். மாஸ்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்கும் சைக்கிள்களை எண்ண ஆரம்பித்தார்.

"இருபது வருஷமா தைக்கிறேன் மேடம்" என்றாள் டீச்சர். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

"உங்க கைத்தொழில்ல நான் குறை சொல்லவே இல்ல டீச்சர். உங்களை விட நல்லா இங்க யாரும் தைக்க முடியாது. நான் கேக்குறது ஒண்ணுதான். ரப்பர்ல செஞ்ச இஞ்ச் டேப் இருந்தா, அதை வச்சு நீங்க துணி வெட்டுவீங்களா?"

டீச்சருக்குக் கோபம் வந்ததென்னவோ உண்மை. பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் மேடத்தை மனசுக்குள் வறுத்தெடுத்தாள். ஆனால் வீட்டுப் படி ஏறும்போது கோபம் வடிந்து, அதற்கு அடியில் இருந்தது வெளியே வந்தது. இத்தனை வருஷமும் தேர்வு மாதத்தில் அவளை அரித்தது இதுதானே? கை அசையாமல் மதிப்பெண் எழுதினாலும், அந்த எண் சரிதானா என்று உள்ளே ஒருத்தி கேட்டுக்கொண்டேதானே இருந்தாள்? மேடம் அதை வாய்விட்டுக் கேட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

மறுநாள் அவளே மேடத்தின் அறைக்குப் போனாள்.

"சரி மேடம். ரப்பர் வேணாம். வேற எதால செய்யலாம், சொல்லுங்க."

அதன்பிறகு பல பிற்பகல்கள் மூவரும் ஒரு சட்டையை நடுவில் போட்டுக்கொண்டு சண்டை போட்டார்கள். நல்ல காலர் என்றால் என்ன? "பார்த்தாலே தெரியும்ல" என்றார் மாஸ்டர். "தெரியுதுல்ல, அதை வாயால சொல்லுங்க" என்றாள் மேடம். சொல்லிப் பார்த்தபோதுதான் மாஸ்டர் நினைக்கும் நல்ல காலர் ஒன்று, டீச்சர் நினைக்கும் நல்ல காலர் இன்னொன்று என்று தெரிந்தது. இரண்டு முனையும் ஒரே நீளம் இருக்க வேண்டும், முனை கூராகத் திரும்பியிருக்க வேண்டும், விறைப்புக்காக உள்ளே வைத்த கேன்வாஸ் துணி சுருங்கக் கூடாது. இப்படிக் காலருக்கு, ஸ்லீவுக்கு, பாக்கெட்டுக்கு, பட்டன் நுழையும் காஜாவுக்கு, பட்டன் பட்டிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் எது முழு மதிப்பெண், எது பாதி, எது தேறாது என்று எழுதி முடித்தார்கள்.

இஸ்திரிக்கும் பத்து மதிப்பெண் வேண்டும் என்று மாஸ்டர் பிடிவாதம் பிடித்தார்.

"நாம சர்ட்டிபிகேட் குடுக்குறது தைக்கிறவங்களுக்கா, இஸ்திரி போடுறவங்களுக்கா மாஸ்டர்?" என்று டீச்சரே கேட்டுவிட்டாள். மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைத்தாள் போலும்.

எழுதியதைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே வகுப்புச் சுவரில் ஒட்டச் சொன்னாள் மேடம். மாஸ்டர் பதறிப்போனார். "கேள்வித்தாளை வெளிய விட்ட மாதிரி ஆயிடுமே மேடம்!"

"ஆகட்டும். காலர் எப்படி இருக்கணும்னு தெரிஞ்சா, அப்படித் தைக்கப் பார்ப்பாங்க. நமக்கு அதுதானே வேணும்?"

இன்னொன்றும் முடிவானது. எந்தப் பகுதியில் ஒருவர் தேறவில்லையோ அந்தப் பகுதியை மட்டும் ஒரு வாரத்தில் திரும்பத் தைத்துக் காட்டினால் போதும். ஆறு மாதம் வீணாக்க வேண்டாம். சட்டையில் பெயர் இருக்காது, நம்பர்தான். எந்த நம்பர் யாருடையது என்பது அலுவலகத்தில் பூட்டி இருக்கும். டீச்சரும் மாஸ்டரும் வேறு வேறு அறையில் திருத்துவார்கள்.

தேர்வுக்கு முன்னால் டீச்சர் மேடத்திடம் தன் வீட்டு விஷயத்தைச் சொன்னாள். "என் நாத்தனாரும் தைக்கிறா. நான் திருத்துறது நல்லா இருக்காது."

"உங்களை விட்டா எனக்கு வேற ஆள் இல்ல டீச்சர். நம்பரைப் பார்த்துப் போடுங்க. எதாவது சட்டையை யாருதுன்னு கண்டுபிடிச்சிட்டா மட்டும் என்கிட்ட சொல்லுங்க."

தேர்வு வந்தது. எல்லோருக்கும் ஒரே வெள்ளைத் துணி, ஒரே வெள்ளை நூல். மறுநாள் டீச்சர் ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பழைய பழக்கத்தில் முதல் சட்டையைத் தோளைப் பிடித்துத் தூக்கினாள். பிறகு தன்னையே கடிந்துகொண்டு மேசைமேல் வைத்து, காலரை அளந்தாள், ஸ்லீவை உள்பக்கம் திருப்பினாள், காஜாவை விரலால் நீவிப் பார்த்தாள். நேரம் பிடித்தது. ஆனால் ஒவ்வொரு எண்ணையும் எழுதியபின் மனம் அதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனது. இது அவளுக்குப் புதிதாக இருந்தது.

ஆறாம் நம்பர் அருமையாக இருந்தது. ஸ்லீவில் ஒரு சிறு சுருக்கம், பாக்கெட்டிலும் காஜாவிலும் சின்னச் சின்னக் குறை. எண்பத்தொன்று.

பதினாலாம் நம்பரை எடுத்ததும் கை நின்றுவிட்டது. காலரின் இடது முனை மழுங்கியிருந்தது.

கூடத்தில், பழைய மெஷினில், நூறு தடவை பார்த்த அதே முனை. பாப்பா! டீச்சர் கதவைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். மற்றதெல்லாம் சுமாராகத் தேறும். காலர் தேறாது. ஒரு முனை கூர், ஒரு முனை மழுக்கம், நீளத்திலும் வித்தியாசம். சுவரில் ஒட்டியிருக்கிற வாசகம் அவளே எழுதியது. பேனாவை மூடி வைத்தாள், திறந்தாள், மறுபடி மூடினாள். கடைசியில் காலருக்கு என்ன வருமோ அதையே எழுதிவிட்டு, நேரே மேடத்தின் அறைக்குப் போனாள்.

"மேடம், பதினாலாம் நம்பர் என் நாத்தனாரோடது."

"எப்படித் தெரியும்?"

"காலர் சொல்லுது மேடம். வீட்டுல பார்த்திருக்கேன்."

"மதிப்பெண் போட்டாச்சா?"

"போட்டுட்டேன். காலர்ல தேறல."

மேடம் அந்த நம்பரை ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். "சரி. போட்டதை மாத்தாதீங்க. மாஸ்டரும் தனியாப் போட்டிருப்பார். ரெண்டு பேருக்கும் வித்தியாசம் பெரிசா இருந்தா வெளியிலிருந்து ஒருத்தரைக் கூப்பிடலாம். நாளைக்கு மதியம் முடிவு."

அன்று மாலை வீட்டில் டீச்சருக்கு முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கணவர் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, தாளுக்கு மேலாக அவள் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"என்னம்மா, வேலையெல்லாம்... முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"எல்லாம் நல்லபடியாத்தானே?"

"நாளைக்குத் தெரியும்."

அவர் தாளைத் திருப்பினார். தலைகீழாகப் பிடித்திருந்ததைச் சரி செய்வதுபோல் மறுபடி திருப்பினார்.

பாப்பா மட்டும் எதுவும் கேட்கவில்லை. அண்ணியின் முன்னால் டீயை வைத்தாள். "முகமே சரியில்லையே அண்ணி, தலைவலியா?"

"ம்."

"சர்க்கரை தூக்கலாப் போட்டிருக்கேன். குடிங்க." சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். டீச்சர் டீயைத் தொடாமல் ஆற விட்டாள். இவள் ஒரு வார்த்தை கடுமையாகக் கேட்டிருந்தாலாவது தேவலை என்றிருந்தது.

மறுநாள் மதியம் மேடத்தின் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். மேடம் முதலில் இருவரும் போட்ட மதிப்பெண்களை வாசித்தாள். டீச்சர் அறுபத்தெட்டு என்றால் மாஸ்டர் எழுபது. அவர் எழுபத்தைந்து என்றால் இவள் எழுபத்தாறு. வாசிக்க வாசிக்க மாஸ்டரின் முதுகு நிமிர்ந்தது. பதினாலாம் நம்பருக்கு இருவருமே காலரில் தேறவில்லை என்றுதான் போட்டிருந்தார்கள்.

"வெளியாள் யாரும் வேணாம் போலிருக்கே" என்று சொல்லிவிட்டு, மேடம் அலுவலகத்திலிருந்து வந்த உறையைப் பிரித்துப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தாள்.

ஆறாம் நம்பர் வந்ததும் நிறுத்தினாள். கண்ணாடிக்கு மேலாக டீச்சரைப் பார்த்தாள்.

"ஆறாம் நம்பர் உங்க நாத்தனார்."

டீச்சருக்குப் புரியவில்லை. "இல்ல மேடம், பதினாலு."

"ஆறு. எண்பத்தொண்ணு போட்டிருக்கீங்க. மாஸ்டர் எழுபத்தொன்பது."

உள்ளே ஏதோ கட்டு அவிழ்ந்தது. டீச்சர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. மாஸ்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"அப்போ... பதினாலு யாரு?"

மேடம் சொன்னாள். அது டீச்சரின் காலை வகுப்பில் முதல் வரிசையில் உட்காரும் பெண். பிள்ளைகள் அவளை 'சிரிப்பு' என்றே கூப்பிடுவார்கள். கேட்டதற்கெல்லாம் சிரித்த முகத்தோடு பதில் சொல்வாள். டீச்சர் வருமுன்னே மெஷினைத் துடைத்து வைத்திருப்பாள். வகுப்புத் தேர்வில் டீச்சர் அவளுக்கு எண்பதுக்குக் கீழே போட்டதே இல்லை. அவள் காலரும் மழுங்கித்தான் இருந்திருக்கும், எத்தனை மாதமாகவோ. அந்தச் சிரிப்பைத் தாண்டி டீச்சரின் கண் காலருக்குப் போகவே இல்லை.

சாயங்காலம் சிரிப்பைத் தனியாகக் கூப்பிட்டாள். அந்தப் பெண் வரும்போதே முகம் வெளுத்திருந்தது.

"ஃபெயிலா டீச்சர்?"

"காலர்ல மட்டும். மத்த எல்லாத்துலயும் தேறிட்டே. ஸ்லீவ் பரவால்ல, நல்லாவே வந்திருக்கு."

"காலர் மட்டும்தானா?" அந்தப் பெண்ணுக்கு மூச்சு வந்தது. "நான் மொத்தமும் போச்சுன்னு நினைச்சேன் டீச்சர். காலர்ல என்ன தப்பு?"

டீச்சர் சட்டையை விரித்துக் காட்டினாள். தைத்த காலரைத் திருப்புவதற்கு முன் முனையில் துணியை ஒட்ட வெட்டாமல் விட்டதால் உள்ளே மடிப்பு திரண்டு நிற்கிறது. விரலால் தடவிப் பார்க்கச் சொன்னாள். அந்தப் பெண் தடவிப் பார்த்துவிட்டு, "அட, ஆமா டீச்சர்" என்றாள். "இதை நீங்க முன்னாடியே சொல்லலியே?"

"நான் பார்க்கலம்மா" என்றாள் டீச்சர். "இனிமே பார்ப்பேன்."

மூன்றாம் நாளே சிரிப்பு புதுக் காலர் ஒன்றைத் தைத்துக்கொண்டு வந்து, இரண்டு அறையிலும் காட்டித் தேறிவிட்டாள்.

ஆனால் முடிவு வந்த அன்றைய கதை இன்னும் பாக்கி இருக்கிறது. பஸ்ஸில் டீச்சருக்கு ஜன்னல் ஓர இருக்கை கிடைத்தது. காற்று முகத்தில் பட்டதுதான் தெரியும், கண் செருகிவிட்டது. நடத்துனர் தட்டி எழுப்பியபோது இறங்க வேண்டிய இடம் தாண்டி எங்கேயோ வந்திருந்தது. "எங்கம்மா போகணும்?" என்றார். சொன்னாள். "அது போயே ரொம்ப நேரமாச்சே!" அவள் இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ் வரக் காத்திருக்காமல், தானாகச் சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தாள். தேர்வு மாதத்தில் அவள் இப்படி அயர்ந்து தூங்கி யாரும் பார்த்ததில்லை.

வீட்டு வாசலில் அண்ணனும் தங்கையும் நின்றிருந்தார்கள். நேரம் ஆக ஆகக் கெட்ட சேதிதான் என்று இருவரும் முடிவு கட்டியிருக்க வேண்டும். கணவரின் முகம் துக்கம் விசாரிக்க வந்தவர் முகம் போல இருந்தது.

"பரவால்லம்மா" என்று ஆரம்பித்தார் அவர். "அடுத்த தடவை..."

"எண்பது" என்றாள் டீச்சர். "நான் எண்பத்தொண்ணு, மாஸ்டர் எழுபத்தொன்பது. சராசரி எண்பது."

கணவருக்கு வாயெல்லாம் பல். "நான் சொன்னேன்ல, கொஞ்சம் பார்த்துப் போடுன்னு!"

"நீங்க சும்மா இருங்க. அவ சட்டைன்னு தெரியாமப் போட்டேன். அவ சட்டைன்னு நினைச்சு வேற ஒரு சட்டையைக் காலர்ல ஃபெயில் பண்ணினேன்."

அவர் இதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். இரண்டாவது தடவையும் முழுதாகப் புரியவில்லை. இருந்தாலும் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

பாப்பா படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"என் காலர் மழுங்கும்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"தெரியும்."

"பார்த்துட்டே பேசாமப் போவீங்களே, அப்போவெல்லாமா?"

"அப்போவெல்லாம்தான். நான் திருத்தப் போறவ, எப்படிச் சொல்றதுன்னு..."

"நல்லா இருக்கு! கடைசி வாரத்துலதான் மாஸ்டர் சுவர்ல ஒட்டினதைக் காட்டி, முனையில ஒரு நூலைக் கோத்து இழுத்துத் திருப்புன்னு சொன்னார். ஒரே நாள்ல வந்துருச்சு. நீங்க சொல்லியிருந்தா நான் ரெண்டு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டிருக்க வேணாம்ல?"

பாப்பா இந்த வீட்டில் குரல் உயர்த்திப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. டீச்சருக்கு அது குற்றமாகவும் பட்டது, இதமாகவும் இருந்தது.

"தப்புதான் பாப்பா."

"அப்புறம், மீதி இருபது எங்க போச்சு?"

"ஸ்லீவ்ல ஒரு சுருக்கம். பாக்கெட் மூலையில தையல் கொஞ்சம் தளர்ச்சி. காஜா ஒண்ணு அகலம்."

"ஸ்லீவ்ல சுருக்கமா? என் ஸ்லீவ்லயா? இருக்கவே இருக்காது."

"இருக்கு."

"காட்டுங்க."

சட்டை மையத்தில் இருந்தது. பாப்பா உள்ளே ஓடி, தேர்வுக்கு முன்னால் பழகிய சட்டை ஒன்றை எடுத்து வந்தாள். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துத் தரையிலேயே உட்கார்ந்து, ஸ்லீவை உள்பக்கம் திருப்பி, தோளும் கையும் சேரும் இடத்தை விளக்கின் பக்கம் பிடித்தாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"இங்க பாரு. துணியை நீ இழுத்துத் தைக்கிறே. மெஷின் தானா இழுத்துக்கும், நீ விட்டுக் குடுக்கணும்."

"இதுவா? இதுக்கெல்லாமா மார்க் குறைப்பீங்க?"

"சுவர்ல ஒட்டியிருந்தோமே, படிக்கலியா?"

"படிச்சேன். நீங்க இவ்வளவு கண்டிப்பா இருப்பீங்கன்னு எழுதலியே!"

கணவர் சமையலறை வாசலில் நின்று, "யாராவது ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்னன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார். யாரும் திரும்பவில்லை. பாப்பா மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி வெட்டுத்துணியில் ஸ்லீவ் அளவைச் சாக்பீஸால் வரைந்துகொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அரிசியைத் தானே களைந்து அடுப்பில் வைத்தார்.